பெரிய கட்டு

பழைய காகிதம் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் போட்டியில் ஏழாம் வகுப்புக்குத்தான் முதலிடம். பரிசாக வந்த மரக்கன்றைக் கையில் பிடித்திருந்த அறிவியல் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

"காலாண்டுப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே மார்க் கொடுத்தவங்களாச்சே! உங்க வேகமே வேகம்!" என்றார் தலைமையாசிரியை.

"எல்லாம் பிள்ளைங்க உழைப்பு, மேடம். மூணு மாசமா யாரும் தொடாத காகிதம் குப்பைதான், தயங்காம எடுத்துட்டு வாங்கன்னேன். அவ்வளவுதான்."

"இந்தப் பெரிய கட்டு எங்கம்மா கிடைச்சுது?" என்று வகுப்புத் தலைவியிடம் கேட்டார் தலைமையாசிரியை.

"டீச்சரோட பீரோவுக்கு அடியில, மேடம்."

டீச்சர் கையிலிருந்த கன்றைக் கட்டின் மேல் வைத்து மறைக்கப் பார்த்தார்.

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். கட்டின் மேல் 'காலாண்டு அறிவியல் விடைத்தாள்கள்' என்று எழுதியிருந்தது. பரீட்சையன்று அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய சீல், கிழியாமல் அப்படியே இருந்தது.