மெல்லிய மண்

கண்ணில்லாத எலிகள் அவை. வளைக்குள் தலையால் முட்டித்தான் ஒன்றோடொன்று பேசும். பேராசிரியர் அவற்றை ஆய்வகத் தரையில் குழி தோண்டிக் கட்டி, மண் நிரப்பிய சிமெண்ட் தொட்டியில் வளர்த்தார். இரண்டு வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டு, அர்த்தத்தோடு குறித்தவள் அவர் மாணவி நதியா. அதை வைத்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவள் பேர் இல்லை. “எலி பிடிக்கிற வீட்டுப் பொண்ணு, படிக்க விட்டதே பெருசு. பேர் வேற கேக்குதா?” என்று சிரித்தார். எந்த வளையிலும் எலி தப்பிக்க ஒரு வழி வைத்து, மெல்லிய மண்ணால் மூடியிருக்கும். எலி பிடிக்கப் போனால் அவள் அப்பா முதலில் அதைத்தான் அடைப்பார். தொட்டி விரிசலில் அந்த மண்ணைப் பார்த்தவள் அடைக்கவில்லை, சொல்லவுமில்லை. கட்டுரைக்குப் பரிசு தர வந்தவர்கள் முன்னால் தொட்டி காலி. “புடிம்மா நதியா!” என்று பேராசிரியர் அலறினார். “பேர் போட்டவங்க புடிக்கட்டும் சார்.” அவர் நாற்காலிக்கு நேர் கீழே டொக், டொக் என்று முட்டும் சத்தம். அது என்ன சொல்கிறதென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.