பன்னிரண்டு மீட்டர் பாக்கி

"தொட்டுட்டோமா? ஏரியைத் தொட்டுட்டோமா?"

அபாய மணி அலறிய வேகத்தில், பாதி முகத்தில் சவர நுரையோடு துளைக்கும் கொட்டகைக்கு ஓடி வந்தார் வெனியமின் ஒசிபோவிச். அண்டார்டிகாவில் இருந்த அந்த ரஷ்ய ஆய்வு நிலையத்துக்கு இந்தக் கோடையில்தான் தலைவராக வந்திருந்தார்.

"ஏரியும் இல்லை, குளமும் இல்லை. கம்பி சிக்கிடுச்சு, மணி அடிச்சுது" என்றபடி மணியை அணைத்தார் குஸ்மிச். முப்பது வருடமாகப் பனியில் துளை போடுகிறவர். "முதல்ல மீதி முகத்தையும் மழிச்சுட்டு வாங்க. நுரை உறைஞ்சா தோலோட வரும்."

"எவ்வளவு பாக்கி?"

"பன்னிரண்டு மீட்டர்."

"எத்தனை நாளாகும்?"

"கம்பியை எடுத்துட்டா, ஆறு நாள்."

வெனியமின் ஒசிபோவிச் அப்படியே ஒரு டீசல் பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலையில் கடைசி விமானம். துளைக்கும் குழு மொத்தமும் அதில் கிளம்பியாக வேண்டும். அதன் பிறகு அடிக்கும் குளிரில் டிசம்பர் வரை எந்த விமானமும் இறங்காது.

"குஸ்மிச், அடுத்த வாரம் மாஸ்கோவுல விழா. நாலு கிலோமீட்டர் பனிக்கு அடியில, ஒன்றரைக் கோடி வருஷமா வெளிச்சமே படாத ஏரியை நம்ம ஆளுங்க தொட்டுட்டாங்கன்னு மந்திரி பேசப் போறார். பேச்சு அச்சாகியே வந்தாச்சு."

"ஏரிக்கு ஒரு காப்பி அனுப்பலையா?"

"கிண்டல் பண்ணாதீங்க! போன வருஷமே முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. ஏரி அசுத்தமாயிடும்னு சர்வதேச கமிஷன் அனுமதி தராம இழுத்தடிச்சுது. நீங்களும் முப்பது மீட்டர் மிச்சம் வெச்சு நிறுத்திட்டீங்க. இந்த வருஷமும் பாக்கின்னு சொன்னா நிலையத்தையே மூடிடுவாங்க. உங்க குழுவுல பதினோரு பேருக்கும் வேலை போயிடும்."

குஸ்மிச் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

வெனியமின் ஒசிபோவிச் குரலைத் தாழ்த்தினார். மேஜை மேல் இருந்த துளைப்புப் பதிவேட்டை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். "ஒரே ஒரு வரி. 'இன்று ஏரியைத் தொட்டோம்.' கீழே உங்க கையெழுத்து. உங்க கையெழுத்து இல்லாம அங்கே எவனும் நம்ப மாட்டான்."

குஸ்மிச் சட்டென்று பதிவேட்டை மூடினார்.

"வேணாம். இதுல ஒரு எண்ணை மாத்தினா எல்லா எண்ணையும் மாத்தணும். நாளைக்கு எவனாவது கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பக்கம் பக்கமாப் புரட்டுவான்."

"மெடல் வாங்கித் தர்றேன்."

"போன தடவை கொடுத்த மெடலால மீன் டப்பா திறந்துட்டிருக்கேன்."

"அமெரிக்காக்காரன் அந்தக் கோடியில வெந்நீரைப் பீய்ச்சித் துளை போடறான்யா!"

"போடட்டும். அவன் ஏரி வேற."

"சரி. சாப்பாட்டு அறையில மத்த பத்துப் பேரும் உட்கார்ந்திருக்காங்க. 'உங்க வேலையை விட என் பதிவேடுதான் முக்கியம்'னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. குஸ்மிச் பென்சிலை எடுத்து அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சவ ஊர்வலத்தில் நிற்பவர் போல இருந்தது முகம். ஒரு நேர்மையான மனிதரைக் கெடுத்துவிட்ட கூச்சத்தில் வெனியமின் ஒசிபோவிச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில் மாஸ்கோவுக்குச் செய்தி போனது. கால் மணி நேரத்தில் தொலைபேசி அலறியது.

"நன்றி! நன்றிங்க! எல்லாம் நம்ம ஆளுங்க உழைப்பு... ஆமாங்க... என்னது? தண்ணியா?"

தொலைபேசியை வைத்தபோது, நுரை இல்லாத பாதி முகமும் வெளுத்திருந்தது.

"நாளைக்கு விமானத்துல ஒரு பாட்டில் ஏரித் தண்ணி அனுப்பணுமாம். மேடையில மந்திரி தூக்கிக் காட்டுவாராம். முதல்ல அறிவியல் அகாடமியில சோதிச்சுச் சான்றிதழ் தருவாங்களாம்." அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணிக்கு நான் எங்கே போவேன்? சமையலறையில பிடிச்சுக் கொடுத்தா, முட்டைக்கோஸ் சூப்புல இருக்கற கிருமிக்குப் புது உயிரினம்னு பேர் வைப்பாங்க. மாட்டிக்கிட்டோம்! என்னை மன்னிச்சிடுங்க குஸ்மிச். வாழ்க்கையில ஒரு பொய் எழுதாத மனுஷர் நீங்க. உங்களையும் சேர்த்துக் குழியில தள்ளிட்டேன்."

குஸ்மிச் பெருமூச்சு விட்டார். வெளியே போய், வெட்டியெடுத்த பனியை வரிசையாக அடுக்கி வைக்கும் கிடங்கிலிருந்து ஒரு முழ நீளப் பனித் துண்டோடு திரும்பினார். ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது அது. மேல் தோலைக் கத்தியால் சீவிவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தார்.

"உருகினதும் பாட்டில்ல ஊத்துங்க. எந்த அகாடமி வேணும்னாலும் சோதிக்கட்டும். அசல் ஏரித் தண்ணி."

"என்னய்யா உளர்றீங்க? ஏரிக்கு இன்னும் பன்னிரண்டு மீட்டர் பாக்கி இருக்கே!"

குஸ்மிச் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

"ஏரியைத் தொடாதீங்கன்னு போன வருஷம் உத்தரவு வந்ததே, அதுக்கு முந்தின நாளே கை தவறிக் குத்திட்டேன், தண்ணி துளைக்குள்ள முப்பது மீட்டர் ஏறி உறைஞ்சு போச்சு, அதைத்தான் 'பாக்கி'ன்னு எழுதி வெச்சேன். இந்த ஒரு மாசமா நாம தோண்டிக்கிட்டிருக்கறதே அந்த ஏரியைத்தான், வெனியமின் ஒசிபோவிச்!"