குழித்தறி வெளிச்சம்

நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் தன் வருகைக்காகத்தான் காத்திருக்கின்றன என்பதில், சுரங்கத் திட்டமிடலில் முதுகலை படிக்கும் ஆனந்தராஜுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையார்பாளையத்து வீட்டில் கரண்ட் போய்விட்டது. செல்போனில் வாய்மொழித் தேர்வு தொடங்கிவிட்டது. "முகம் தெரியல, வெளிச்சத்துக்கு வாங்க," என்கிறார் தேர்வாளர். கூரைக் கண்ணாடி வழியே விழும் ஒரே வெளிச்சத்தில், தறிக்குழிக்குள் காலை விட்டு அக்கா மஹாலட்சுமி நெய்துகொண்டிருக்கிறாள். "எழுந்திரு. ஆயுசு பூரா குழியில குந்திக்கினு இருக்கிற ஜென்மத்துக்குப் படிப்போட அருமை தெரியுமா?" என்கிறான் ஆனந்தராஜ். "நீ இன்னா, மொட்ட மாடிக்கா படிக்கிற? நீயும் குழிக்குத்தான்டா படிக்கிற!" அக்கா இழுத்த தறிப்பலகை மடாரென்று அடிக்கிறது. "ஆப்சென்ட் போட்டுடட்டுமா?" என்கிறது போன். அக்கா எழாமலே ஓரமாக நகர்கிறாள். "எறங்கு. பட்டு மேல கை பட்டுது, ஒடிச்சிருவேன்." ஆனந்தராஜ், டைக்குக் கீழே கட்டியிருக்கும் லுங்கியை வழித்துக்கொண்டு குழிக்குள் காலை விடுகிறான்.