மேட்ச் முடிந்த பிறகு

"அம்மா சாவு வீட்டு வீடியோ கேசட்ல கூடைப்பந்து மேட்சைப் பதிஞ்சு வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

மிலாக்ரோஸ் போட்ட சத்தத்தில் தெருவில் ரொட்டி விற்றுக்கொண்டு போனவன் சைக்கிளை நிறுத்திவிட்டான்.

தம்பி ரொமெல் தலை நிமிரவில்லை. "தெரியாம நடந்துபோச்சுக்கா."

"ரெண்டு வருஷமா இதுக்காகத்தானேடா உயிரோட இருந்தேன்?"

துபாயில் அவளுக்கு வீட்டு வேலை. அம்மா இறந்தபோது முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. கேசட்டையாவது அனுப்பு என்று போனுக்குப் போன் கெஞ்சினாள். தபாலில் தொலைந்துவிடும், நேரில் வந்து பார் என்றே இவன் சொல்லிவந்தான்.

அதை மணிலாவில் கொடுத்து டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று டிவிடி பிளேயர் வேறு சுமந்து வந்திருந்தாள். அது பெட்டியோடு மூலையில் கிடந்தது.

"இதுக்குத்தான் டிஸ்க் வேணுங்கறது," என்றாள் ஃபெலிசா அத்தை, அப்பாவின் தங்கை. துபாய் சாக்லேட் ஒன்று வாயில் இருந்தது. "ரீவைண்ட் பண்ற வேலையில்ல, பூஞ்சை பிடிக்காது. முக்கியமா, ஒருதடவை பதிஞ்சா பதிஞ்சதுதான். இவனை மாதிரி தறுதலை எவனாலயும் அழிக்க முடியாது. பெத்தவ முகத்தையே அழிச்சவனை இன்னும் என்னடி பேச்சு? நாலு அறை விடு."

மிலாக்ரோஸ் ரிமோட்டை எடுத்தாள். "கடைசியில கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்." படம் வேகமாக ஓடியது.

ரொமெலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்கா, நிறுத்திடு." ரிமோட்டைப் பிடுங்கப் பார்த்தான். அத்தை சொன்ன அறை அப்போதுதான் விழுந்தது.

மேட்ச் முடிந்தது. திரையில் கொஞ்ச நேரம் புள்ளியாகப் பொரிந்தது. பிறகு அம்மாவின் சவப்பெட்டி. அதை மறைத்துக்கொண்டு, மாரில் அடித்தபடி ஃபெலிசா அத்தை.

"பெத்தவ சாவுக்கே வராதவ ஒரு பொண்ணா? அங்க எவனோட கூத்தடிக்கிறாளோ. அந்தக் கவலையிலயே இவளைக் கொன்னுட்டா. அவ இந்த வீட்டுப் படி ஏறினா நானே காறித் துப்புவேன்."

அத்தை கொஞ்சம் நகர்ந்தாள். ஒரு நொடி அம்மாவின் முகம் தெரிந்தது. மறுபடி அத்தையே வந்து மறைத்தாள்.

"கேசட் முழுக்க இதாங்கா," என்றான் ரொமெல், கன்னத்தைத் தடவியபடி. "நீ இதைக் கேக்கக் கூடாதுன்னுதான். கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு மேட்ச் பத்தல."

மிலாக்ரோஸ் அந்தக் கன்னத்தில் கை வைத்தாள்.

ஃபெலிசா அத்தை சத்தமில்லாமல் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"உக்காருங்க அத்தை," என்றாள் மிலாக்ரோஸ். "நாளைக்கே இதை டிஸ்க்ல ஏத்திடறேன். எவனாலயும் அழிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."