எர்த் முனை

நஞ்சப்பனின் கார் கிளம்பாததற்குக் காரணம், பேட்டரியின் எர்த் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்புதான். மெக்கானிக் சவரியப்பன் உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்து நட்டை இறுக்கியதும், ஒரே சுற்றில் வண்டி உறுமியது.

பாம்பு கடித்த மகளைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு, போன வாரம் நஞ்சப்பன் உள்ளங்கை கிழியக் கிழிய, முன்னால் செருகிய கைப்பிடியைச் சுற்றியது இந்த வண்டியைக் கிளப்பத்தான். கடைசியில் மாட்டு வண்டி பூட்டினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை போய்விட்டாள்.

சவரியப்பன் வண்டியைச் சட்டென்று அணைத்தான். நன்றாக இருந்த டைனமோவைக் கழற்றி, மூன்று நாள் மேஜைமேல் பரப்பி வைத்திருந்து திரும்ப மாட்டினான்.

நாலாம் நாள் நஞ்சப்பன் வந்தார். "ஏனுங்க, அன்னிக்கு நான் என்ன பண்ணியிருந்தாலும் கிளம்பியிருக்காதுங்களா?"

"கிளம்பியிருக்காதுங்க. டைனமோ கருகி, பேட்டரியவே குடிச்சுப்போட்டுதுங்க. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க."

நஞ்சப்பன் தலையாட்டினார். துணி சுற்றிய கையால் பானெட்டைத் தூக்கினார். உள்ளே எல்லாம் எண்ணெயும் புழுதியுமாய்க் கறுத்துக் கிடக்க, அந்த ஒரு முனை மட்டும் புதுப் பித்தளையாய் மின்னியது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவே இல்லை.