லேசாக வைத்த புள்ளிகள்

எல்.கே.ஜி.யில் எனக்குப் புள்ளி இருந்தால்தான் எழுத வரும். தினமும் சாயங்காலம் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என் நோட்டில் புள்ளி புள்ளியாக 'அ' போட்டு வைப்பாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அவற்றை இணைப்பேன். வகுப்பில் வெறும் தாளைப் பார்த்தாலே அழுகை முட்டும். ஒருநாள் ஜெசிந்தா மிஸ் அம்மாவைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "இப்படியே போனா யு.கே.ஜி.க்கு அனுப்ப முடியாதும்மா. வீட்டுல புள்ளி வைக்கிறத விடுங்க" என்றார்.

அன்றைக்கும் அம்மா புள்ளி வைத்தாள். ஆனால் கொஞ்சம் மங்கலாக. மறுநாள் இன்னும் மங்கலாக. ஒருநாள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"புள்ளி எங்கம்மா?"

"லேசா வச்சிருக்கேன்டி. நல்லா உத்துப் பாரு."

உற்றுப் பார்த்தேன். இருப்பது போலத்தான் இருந்தது. எழுதினேன்.

போன வாரம் அம்மாவுக்கு வீடு மாற்றும்போது பரணில் அந்த நோட்டு கிடைத்தது. முதல் பக்கங்களில் என் கோணல் கோடுகளுக்கு அடியில் புள்ளிகள் கறுப்பாக இருந்தன. புரட்டப் புரட்ட வெளுத்துக்கொண்டே போயின. எந்தப் பக்கத்தில் நின்றன என்பதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் நோட்டை நீட்டினேன்.

"எந்தப் பக்கத்தோடம்மா நிறுத்துன?"

அம்மா நிமிரவில்லை. "நான் எங்கடி நிறுத்துனேன்? நல்லா உத்துப் பாரு."

எனக்கு நாற்பத்தொரு வயது. கடைசிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.