வெள்ளை அடிச்சு வைங்க

"என்னங்க, அந்த மேகம் கோணலா இருக்கா?"

ஏணி மேல் நின்றபடி மனைவி கேட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் அண்ணாந்து பார்த்தான்.

"மேகம்னா அப்படித்தான் இருக்கும். நீ முதல்ல இறங்கு. மேடம் மூணு மணிக்கு வந்துடுவாங்க."

அவன் பஸ் டிரைவர். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க எழுதிப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார்.

மூன்று வாரமாக இந்த ஒரு அறைதான் வேலை. சுவருக்கு ரோஸ் பெயிண்ட், மேலே மேகம், அவளே தைத்த பூப்போட்ட திரை, அலமாரி நிறைய பொம்மை. ஜன்னல் ஓரம் நாலு தொட்டி. இருவருக்கும் செடி வளர்த்துப் பழக்கமில்லை. முதலில் வைத்ததெல்லாம் தண்ணீர் அதிகமாகி அழுகிப்போனது. இரண்டாவது தடவைதான் செவ்வந்தி மொட்டு விட்டிருந்தது.

அதிகாரி சரியாக மூன்று மணிக்கு வந்தார். சமையலறை, குளியலறை, ஜன்னல் கம்பி எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். கடைசியாக அந்த அறை. வாசலிலேயே நின்றுவிட்டார். சிரிக்கவில்லை.

"எல்லாம் நீங்களே செஞ்சதா?"

"ஆமாம் மேடம்."

"இதை மாத்தணும்."

அவள் அவசரமாக ஜன்னலை அகலத் திறந்தாள். "பெயிண்ட் வாசனையா மேடம்? ரெண்டு நாள்ல போயிடும்."

"வாசனை இல்லம்மா. சுவத்துக்கு வெள்ளை அடிச்சு வைங்க. திரை, பொம்மை எதுவும் வேண்டாம். கட்டில், மெத்தை, அலமாரி போதும். செடியையும் வெளியில வச்சிடுங்க."

"செடி என்ன மேடம் பண்ணுச்சு?"

"காரணத்தை இப்ப சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பத்து நாள் கழிச்சு வரேன்."

ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மனசுன்னு ஒண்ணு இருக்கா அந்தம்மாவுக்கு?" கணவன் குமுறினான். "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வச்சிருந்தா எந்தக் குழந்தைக்குப் பிடிக்கும்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. "நம்மைப் பிடிக்கலை போலிருக்குங்க. நேரா சொல்ல முடியாம சாக்கு சொல்லிட்டுப் போறாங்க."

ஆனாலும் வெள்ளை அடித்தார்கள். ரோஸ் லேசில் மறையவில்லை, மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. மேகத்தை அவனே அழித்தான். அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்தப் பத்து நாளும் அவளுக்குத் தையல் வேலையே ஓடவில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தாள்.

சொன்ன நாளில் அதிகாரி வந்தார். நேரே அந்த அறைக்குப் போனார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார், காலி அலமாரியைப் பார்த்தார். வாசலுக்கு வந்து, தெருவில் நின்ற காரைப் பார்த்துக் கையசைத்தார்.

காரிலிருந்து ஒரு சிறுமி இறங்கினாள். பையை மாரோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாடா கண்ணு." மனைவி கையை நீட்டினாள்.

சிறுமி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மெல்லப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது யாரு ரூம்?"

"உன்னோடதுதான்டா."

"வேற யாரும் வர மாட்டாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க."

சிறுமி யோசித்தாள். பிறகு பையைக் கட்டில் மேல் வைத்தாள். "அப்ப இந்தச் சுவத்துக்குப் பச்சை அடிக்கலாமா?"

ஹாலில் நின்ற கணவனுக்கு ஆற்றாமை அடங்கவில்லை. "நாங்க செஞ்சு வச்சதை அப்படியே விட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பா மேடம்."

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப சொல்லலாம் சார், குழந்தை உங்களுக்குத்தான்னு முடிவாயிடுச்சு. இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்ல இருந்தா. ரெண்டு வீட்லயும் ரூமை நீங்க முதல்ல செஞ்ச மாதிரியே அழகா பண்ணி வச்சிருந்தாங்க. எங்களோட ஒட்டவே மாட்டேங்கறான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் காரணத்தை எங்ககிட்ட சொன்னா. அது வேற யாரோ ஒரு பொண்ணோட ரூம், அவ வந்ததும் நம்மளை எழுப்பி விட்ருவாங்கன்னு நினைச்சு, கடைசி வரைக்கும் கட்டிலைத் தொடாம தரையிலயே படுத்திருக்கா."